இரும்பிலிருந்து ஒரு பேட்டரி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேட்டரியைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லித்தான் நிலையத்தார் அழைத்தார்கள். நான் பேசப் போவது இரும்பைப் பற்றி. வேதியியல் ஆய்வில் என் காலத்தின் பெரும்பகுதி இரும்பு கலந்த பொடிகளோடுதான் போயிற்று. கல்வத்தில் அரைப்பது, உலையில் வைப்பது, எடுத்து மறுபடி அரைப்பது, அப்புறம் சிறு பொத்தான் பேட்டரியாகச் செய்து அளப்பது. இதுதான் எங்கள் தொழில்.

பேட்டரிக்குள் இரும்பா என்று கேட்பீர்கள். உங்கள் தெருவில் சத்தமில்லாமல் போகிறதே மின்சார ஆட்டோ, அதன் பேட்டரி லித்தியம் வகையாக இருந்தால், நேர்முனையில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட். கடையில் எல்.எஃப்.பி. என்பார்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு இப்போது வரும் லித்தியம் பேட்டரிகள் பலவற்றிலும் அதுதான்.

பேட்டரிக்குள் நடப்பதைப் படம் இல்லாமலே சொல்லிவிடலாம். இரண்டு முனைகள், நடுவில் ஒரு திரவம். பேட்டரி வேலை செய்யும்போது எதிர்முனையில் உள்ள லித்தியம் தன் எலக்ட்ரானைக் கழற்றிவிடுகிறது. லித்தியம் அயனி திரவத்தின் வழியாக நேர்முனைக்குப் போகிறது. எலக்ட்ரான் திரவத்தில் போக முடியாது. அது வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது, போகிற வழியில் உங்கள் விளக்கை எரிக்கிறது, மோட்டாரைச் சுற்றுகிறது. கடைசியில் இரண்டும் நேர்முனையில் சேர்கின்றன. சார்ஜ் போடும்போது இதே பயணம் தலைகீழாக நடக்கும்.

எலக்ட்ரான் நேர்முனையில் எவ்வளவு ஆழத்தில் போய் விழுகிறதோ, அவ்வளவு வோல்ட். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். விழும் ஆழம்தான் வோல்ட்.

1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக்கி 4 வோல்ட் எடுத்தார்கள். அதற்கு முன் விட்டிங்ஹாம் டைட்டானியம் சல்ஃபைடில் எடுத்தது இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். ஜப்பானில் யோஷினோ கோபால்ட் ஆக்சைடோடு கரிப்பொருளை எதிர்முனையாகச் சேர்த்தார். 1991-இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதை பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டதால் இதோடு விடுகிறேன்.

கோபால்ட் விலை கூடியது. உலகத்துக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. கைப்பேசிக்குச் சில கிராம் போதும், சரி. ஒரு பேருந்துக்கு? இரும்போ பூமியில் எங்கும் கிடப்பது. ஆனால் இரும்பு ஆக்சைடை நேர்முனையில் வைத்தால் இரண்டரை வோல்ட்டுக்குக் கீழேதான் கிடைத்தது. அதனால் இரும்பை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மூன்று பொடிகளின் கதை வருகிறது. மாணவர்களுக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

குட்இனஃப் 1986-இல் அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் போனார். அவரோடு ஆக்ஸ்ஃபோர்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தமிழரும் கூடவே போனார். அவர் பெயர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1981-இல் முனைவர் பட்டம் பெற்றவர். இருவரும் மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். இரும்பு மாலிப்டேட், இரும்பு டங்ஸ்டேட், இரும்பு சல்ஃபேட். மூன்றிலும் இரும்பு உண்டு, ஆக்சிஜன் உண்டு. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக்சிஜனுக்கு மறுபக்கம் இருப்பது மட்டும்தான் வேறு: ஒன்றில் மாலிப்டினம், ஒன்றில் டங்ஸ்டன், ஒன்றில் கந்தகம்.

லித்தியத்துக்கு எதிராக வைத்து அளந்தார்கள். மாலிப்டேட்டில் 3.0 வோல்ட். டங்ஸ்டேட்டிலும் 3.0. சல்ஃபேட்டில் 3.6.

யோசித்துப் பாருங்கள். எலக்ட்ரான் போய் விழுகிற இடம் மூன்றிலும் அதே இரும்பு. இரும்பை யாரும் தொடவில்லை. ஓர் ஆக்சிஜன் தள்ளி இருப்பதை மாற்றியதற்கே 0.6 வோல்ட் ஏறிவிட்டது!

ஏன்? ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பலமாக இழுத்தால் மற்றவருக்குப் போர்வை குறையும். ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள்தான் அந்தப் போர்வை. ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் கந்தகம். மாலிப்டினத்தையும் டங்ஸ்டனையும் விடக் கந்தகம் பலமாக இழுக்கிறது. அதனால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு தளர்கிறது. அந்தப் பிணைப்பு தளரும்போது, இரும்பில் எலக்ட்ரான் வந்து உட்காரும் இடம் ஆற்றலில் இன்னும் கீழே இறங்கிவிடும். முன்பு சொன்னேனே, விழும் ஆழம்தான் வோல்ட். ஆழம் கூடியது, வோல்ட்டும் கூடியது.

1987-இலும் 1989-இலும் இந்த முடிவுகள் கட்டுரைகளாக வந்தன. இந்தக் கட்டுரைகளின் அருமை எனக்கு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. வோல்ட்டைக் கூட்ட விலை உயர்ந்த உலோகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, இரும்பின் சுற்றுப்புறத்தை மாற்றினாலே போதும் என்று அவை காட்டின. நான் ஆய்வுக்கு வந்தது அந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான். 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரம். அப்போது குட்இனஃபுக்கு வயது 97. அந்த உரையைக் கேட்டபோது எனக்கு அந்த மூன்று பொடிகள்தான் நினைவில் ஓடின.

சல்ஃபேட்டில் ஒரு குறை உண்டு. அதில் லித்தியம் கிடையாது. பேட்டரி செய்யும்போது லித்தியத்தை எதிர்முனையில் உலோகமாக வைக்க வேண்டும், அது ஆபத்து. 1997-இல் அதே ஆஸ்டினில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகிய மூவரும் லித்தியத்தை முன்பே உள்ளே வைத்திருக்கும் இரும்பு ஃபாஸ்பேட்டை வெளியிட்டார்கள். கந்தகத்துக்குப் பதில் பாஸ்பரஸ். வோல்ட் சற்றுக் குறைந்து 3.4. ஒரு கிராம் பொடி 170 மில்லி ஆம்பியர்-மணி வரை தாங்கும். உங்கள் கைப்பேசியில் 5,000 என்று போட்டிருக்கும் அல்லவா, அந்த அளவுக்கு இந்தப் பொடியில் சுமார் 30 கிராம் வேண்டும்.

ஃபாஸ்பேட்டில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருப்பதால் பேட்டரி சூடானாலும் அந்த ஆக்சிஜன் எளிதில் வெளியே வராது. கோபால்ட் ஆக்சைடில் அப்படி இல்லை. சூடு கூடினால் ஆக்சிஜன் கழன்று தீக்குத் துணை போகும். நம் ஊர் வெயிலில் ஓடுகிற வண்டிக்கு இந்தக் குணம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வோல்ட்டைக் கூட்டிய அந்த இறுக்கமான பிடியே தீயையும் தள்ளி வைக்கிறது. பாருங்கள், ஒரே காரணத்தால் இரண்டு நன்மை.

ஆனால் இந்தப் பொடியில் மின்சாரம் எளிதில் ஓடாது. அதனால் துகளை மிகச் சிறியதாக்கி, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கரிப்பூச்சு பூச வேண்டும். கேட்கச் சுலபம்தான். எங்கள் ஆண்டுகள் கழிந்தது இதில்தான். காற்று உள்ளே போனால் இரும்பு துருவின் நிலைக்குப் போய்விடும், ஆகவே உலைக்குள் ஆர்கான் வாயு. சூடு அதிகமானால் துகள் பெருத்துவிடும், குறைந்தால் கரி சரியாக உருவாகாது. அப்புறம் சோதனை. சார்ஜை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று. மெதுவாகச் செய்தால் ஒரு சுற்றுக்கே ஒரு நாள் ஆகும். ஆயிரம் சுற்று தாங்குமா என்று தெரிய எத்தனை மாதம் என்று கணக்குப் போடுங்கள். அந்தக் காத்திருப்பைக் குறுக்க வழி கிடையாது. மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள், ஆனால் காத்திருந்து கிடைத்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

இந்தப் பேட்டரி உள்ள மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சார்ஜ் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று இறங்குகிறது என்று பலர் கேட்கிறார்கள். பேட்டரி கெட்டுவிட்டதாக உடனே முடிவு கட்டாதீர்கள். இரும்பு ஃபாஸ்பேட் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய கடைசிவரை ஒரே வோல்ட்டில் நிற்கும். வோல்ட்டை மட்டும் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் மின்னணுச் சாதனம் வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது, நாளாக நாளாகக் கணக்கு கொஞ்சம் விலகும். அவ்வப்போது முழுவதும் சார்ஜ் ஏற்றுங்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது அந்தக் கணக்கை நேராக்கத்தான். வெயிலில் வண்டியை நிறுத்தி வைப்பதை மட்டும் தவிருங்கள். சூடு எந்த லித்தியம் பேட்டரிக்கும் ஆகாது.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். காரைக்குடியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் மின்வேதியியலுக்கென்றே அங்கே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். சோடியம் பேட்டரியைப் பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். லித்தியத்துக்குப் பதில் உப்பில் இருக்கும் சோடியத்தை வைத்தால், எதிர்முனைப் பொருளைத் தாங்கும் தகடு செம்பாக இருக்க வேண்டாம், அலுமினியமே போதும். லித்தியம் அலுமினியத்தோடு கலந்துவிடும், சோடியம் கலக்காது. அதிலும் நேர்முனைக்கு இரும்பு கலந்த பொருள்களைத்தான் பலர் முயல்கிறார்கள், எங்கள் மாணவர்களும் இப்போது அதில்தான் இறங்கியிருக்கிறார்கள். வணக்கம்.