பாசியைப் பிடுங்காதீர்கள், சாக்கடையைத் திருப்புங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பாசன சங்கத்து அண்ணாச்சிமார்களே, வகுப்பை ஒத்திவைத்துவிட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் தாவரவியல் பேராசிரியர் அவர்களே, பந்தல் போட்டு மோர் கொடுத்த இளைஞர் மன்றத்துத் தம்பிகளே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குளத்துத் தண்ணீர், குளத்துச் செடி என்று இரண்டையும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்தேன். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம் ஒருத்தன். எந்த மேடை ஏறினாலும் இதை நான் சொல்லாமல் இறங்குவதில்லை.

நம் தாழையூத்துப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். 1949-இல் இங்கே சிமெண்ட் ஆலை வந்ததே அதனால்தான். மழைத்தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால்தான் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேக நேரமாகிறது. ஆனால் ஆழமில்லாத குளத்துக்கு அதே சுண்ணாம்புதான் காவல். நாம் பாசி என்று அரித்துப் போடும், நீருக்குள் வளரும் செடி வெயிலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுக்கும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளையாக இலைமேல் படிகிறது. படியும்போது தண்ணீரிலுள்ள பாஸ்பரஸ் என்ற உரச்சத்தில் ஒரு பங்கையும் பிடித்துக்கொண்டு அடிமண்ணுக்குப் போகிறது. தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிக்குத் தீனி குறைகிறது, வெளிச்சம் தரைவரை இறங்குகிறது. இங்கிலாந்தில் மால்ஹாம் டார்ன் என்ற சுண்ணாம்பு ஏரியின் தரையில் காரா என்ற பாசி இப்படித்தான் விரிந்து கிடக்கிறது. கையில் எடுத்தால் நறநறக்கும், பூண்டு வாடை அடிக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குளத்தைக் கோடையில் சுத்தம் செய்தார்கள். ஆள்விட்டு அத்தனை பாசியையும் அரித்துக் கரையில் குவித்து, வேட்டுப் போட்டு, போட்டோவும் எடுத்தாயிற்று. மடை பார்க்கும் பெரியவர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். "ஏல, பூராத்தையும் பிடுங்கிட்டியளே, இனி தண்ணி எப்படில தெளிஞ்சு நிக்கும்?" யாரும் காதில் வாங்கவில்லை. மேலக்கரையில் புதுத் தெருக்களின் சாக்கடை, நுண்பாசிக்குத் தீனியான அதே பாஸ்பரஸைச் சுமந்துகொண்டு, அப்போதே விழுந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குக் குளம் பெருகியது. தை பிறந்தபோது தண்ணீர் பச்சைப்பசேல் என்று கெட்டியாக நின்றது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. அப்புறம் ஆகாயத்தாமரை மூடியது. ஊர் முழுக்கக் குழாயடிக்குப் போய்விட்டது. குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போன கதை!

ஆகவே பெரியோர்களே, பாசி அரிக்க ஒதுக்கும் பணத்தைச் சாக்கடையைத் திருப்ப ஒதுக்குங்கள். சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு சொட்டும் நம் குளத்தில் விழக்கூடாது. வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுத வேண்டும். மனு மேடை ஓரத்து மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.