கொலைகாரன் ரூம்ல குருவிக்கு என்ன வேலை?

(திரையில்: சாம்பல் நிறச் சுவர், ரெண்டு ஜன்னல், நடுவுல ஒரு பறவைக் கூண்டு)

இந்த ரூமை நல்லாப் பாருங்க. ஆள் இருக்கானா இல்லையான்னே தெரியல இல்ல? கொஞ்சம் பொறுங்க. இதோ, கட்டில் பக்கத்துலேருந்து சிகரெட் புகை மெல்ல எழும்புது. அப்பத்தான் அங்க ஒருத்தன் படுத்திருக்கான்னு தெரியுது. வசனம் கிடையாது. கூண்டுக்குள்ளேருந்து ஒரே ஒரு குருவி மட்டும் விடாம கீச் கீச்னு கத்திக்கிட்டே இருக்கு.

1967-ல வந்த பிரெஞ்சுப் படம், ‘லெ சாமுராய்’. இயக்கினவர் ஜான் பியர் மெல்வில், நடிச்சவர் அலன் டெலோன். கிட்டத்தட்ட முதல் 10 நிமிஷத்துக்கு யாருமே வாயத் திறக்க மாட்டாங்க. ஆனா ரிமோட்டைத் தேடி நம்ம கை போகவே போகாது. ஏன் போகலங்கறதுக்குத்தான் இந்த வீடியோ. என்னோட பதில் அந்தக் குருவிகிட்ட இருக்கு.

பின்னணி சுருக்கமா. ஒண்டிக்கட்டை கொலையாளி, காசு வாங்கிக்கிட்டு வேலையை முடிப்பான், அப்புறம் வேலை கொடுத்தவனே இவனைத் தீர்த்துக்கட்டப் பார்ப்பான். இந்த வகைப் படங்கள்ல பாதிக்குக் கதை இவ்வளவுதான். கதைக்காக இந்தப் படங்களைப் பார்க்காதீங்க, ஏமாந்துடுவீங்க.

எதைப் பார்க்கணும்? கையைப் பாருங்க.

படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல இவன் ஒரு காரைத் திருடறான். தெருவுல நிக்கற சிட்ரோன் காருக்குள்ள ஏறி உட்கார்றான். கண்ணாடி முழுக்க மழைத் தண்ணி. ஒரு பெரிய வளையத்துல கொத்தா சாவிகள். ஒரு சாவியைப் போட்டுப் பார்க்கறான், வண்டி கிளம்பல. அதை எடுத்து ஓரமா வைக்கறான். அடுத்தது. அதுவும் ஆகல. அதுக்கும் அடுத்தது. இதுல என்ன அழகுன்னா, அவன் கண்ணு சாவி பக்கம் போகவே இல்ல. நேரா முன்னாடி பார்த்துக்கிட்டே இருக்கான். முகத்துல அவசரம் இல்ல, பதற்றம் இல்ல. பதற்றமெல்லாம் நமக்குத்தான். “சீக்கிரம்டா, யாராவது வந்துடப் போறாங்க”ன்னு மனசு அடிச்சுக்குது. யோசிச்சுப் பாருங்க, ஒரு திருடனுக்காக நாம வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்! வேகமா வெட்டி வெட்டிக் காட்டியிருந்தா இது நடந்திருக்காது. அவனோட சேர்ந்து காத்திருக்க வெச்சதாலதான் நாமளும் அவன் கூட்டாளி ஆயிட்டோம்.

பின்னாடி போலீஸ்காரங்க ரெண்டு பேர் இவன் ரூமுக்குள்ள ஒட்டுக்கேட்கற மைக் வைக்க வர்றாங்க. அவங்க கையிலயும் அதே மாதிரி ஒரு சாவி வளையம்! கதவுல ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்க்கறாங்க. திருடனும் போலீஸும் ஒரே தொழிலை ஒரே பொறுமையோட செய்யறாங்கன்னு ஒரு வார்த்தை பேசாமச் சொல்லிட்டார் மெல்வில். இந்த இடத்தை நான் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல.

சரி, குருவிக்கு வருவோம். அந்த மைக் வைக்கறப்போ குருவி ரூம்லதானே இருக்கு? பயந்து படபடன்னு அடிச்சுக்குது. அப்புறம் இவன் வீட்டுக்கு வர்றான். கூண்டைப் பார்க்கறான். இறகு உதிர்ந்து கிடக்கு. குருவி நிலை கொள்ளாமத் துடிக்குது. அவ்வளவுதான், யாரோ உள்ள வந்துட்டுப் போயிருக்காங்கன்னு இவனுக்குப் புரிஞ்சுடுது. தேடிப் போய் மைக்கைக் கண்டுபிடிச்சுடறான்.

இதைக் காவல் தந்திரம்னு மட்டும் எடுத்துக்காதீங்க. இவன் அழ மாட்டான், சிரிக்க மாட்டான், யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டான். அப்போ இவனுக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயம் மொத்தத்தையும் இவனுக்குப் பதிலா அந்தக் குருவி படுது. இது பிடிபட்டதுக்கு அப்புறம் இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும், ‘அந்த இன்னொரு உயிர் எங்க?’ன்னுதான் என் கண்ணு தேடும். தேடினா கிடைக்குதுங்க!

1999-ல ஜிம் ஜார்முஷ் எடுத்த ‘கோஸ்ட் டாக்’. ஃபாரஸ்ட் விட்டேக்கர் மொட்டை மாடியில புறாக்களோட வாழறார், வேலை கொடுக்கறவங்களோட சேதி பரிமாற்றம்கூட புறா வழியாத்தான். 1994-ல ‘லெயோன்’. அது கொஞ்சம் வேகமான படம்தான், ஆனாலும் சேர்த்துக்கறேன். ஏன்னா அதுல ஒரு தொட்டிச் செடி இருக்கு. துப்பாக்கி பிடிக்கற அதே கையால இலை இலையா, துளித் தூசி இல்லாமத் துடைச்சு விடுவான். அதுக்கும் என்னை மாதிரியே ஊன்ற வேர் கிடையாதுன்னு அவனே சொல்லுவான். அந்த ஒரு இடத்துல என் தொண்டை அடைச்சுக்கும்.

ஜப்பான்லேருந்து ஒண்ணு, அதுவும் 1967. செய்ஜுன் சுசுகியோட ‘பிராண்டட் டு கில்’. குறி பார்க்கற நேரத்துல துப்பாக்கித் தொலைநோக்கி மேல ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்காருது, குறி தப்பிடுது. ஒரு பூச்சியால மொத்த வாழ்க்கையும் தலைகீழா ஆயிடுது. படம் புரியலன்னு சொல்லி சுசுகியை நிக்கட்சு ஸ்டுடியோ வேலையை விட்டே தூக்கினாங்க, அவர் கோர்ட்டுக்குப் போனார்.

2010-ல ஜார்ஜ் குளூனி நடிச்ச ‘தி அமெரிக்கன்’. இத்தாலி மலைக் கிராமத்துல தனியா உட்கார்ந்து, இன்னொருத்தருக்காக ஒரு துப்பாக்கியைச் செய்யறான். அங்கயும் பட்டாம்பூச்சி உண்டு, அது அவன் முதுகுல பச்சை குத்தியிருக்கு. அமெரிக்காவுல படம் பார்த்துட்டு வெளிய வந்த ஜனங்க இதுக்குக் கொடுத்த மார்க் டி மைனஸ், அதாவது கிட்டத்தட்ட அடிமட்டம். ட்ரெய்லரைப் பார்த்து அதிரடிப் படம்னு நம்பிப் போனவங்க கோபப்பட்டது நியாயம்தான். ஆனா அந்த மார்க்கைப் பார்த்து நீங்க படத்தை ஒதுக்கிடாதீங்க, ப்ளீஸ்.

2023-ல டேவிட் ஃபின்ச்சர் எடுத்த ‘தி கில்லர்’ மட்டும் வேற ரகம். அதுல நான் தேடின அந்த உயிர் இல்ல. அதனாலயோ என்னவோ, அவன் மனசுக்குள்ள ஓயாமப் பேசிக்கிட்டே இருக்கான். கையில கட்டின வாட்ச்ல தன் இதயத்துடிப்பைத் தானே பார்த்துக்கறான். குருவி செய்யற வேலையை வாட்ச் செய்யுது! நல்ல படம்தான், ஆனா எனக்குக் குருவிதான் பிடிக்கும்.

‘லெ சாமுராய்’ ஆரம்பத்துல, சாமுராயோட, அதாவது பழைய ஜப்பானியப் போர்வீரனோட தனிமைக்கு ஈடா இருக்கறது காட்டுப் புலியோட தனிமை மட்டும்தான்னு ஒரு மேற்கோள் வரும். சாமுராய்களோட நெறியைச் சொல்ற புஷிடோ நூல்லேருந்து எடுத்ததாப் போட்டிருக்கும். அப்படி ஒரு வரி அதுல கிடையாது, மெல்வில் தானே எழுதினது. புலின்னு எழுதிட்டு அடுத்து அவர் நமக்குக் காட்டற உயிர் உள்ளங்கைக்குள்ள அடங்கற ஒரு குருவி.

1967 ஜூன்ல, இந்தப் படம் உருவாகிட்டிருந்தப்பவே, பாரிஸ்ல மெல்விலோட சொந்த ஸ்டுடியோ தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. அந்தத் தீயில அந்தக் குருவியும் செத்துப்போச்சு.

படம் போடறப்போ ஹெட்போன் மாட்டிக்கிட்டு, லைட்டை அணைச்சுட்டு உட்காருங்க. புகை கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதோட குரல் கேட்கும்.