சார்ஜரைச் செருகினால் ஹெட்போன் ஏன் உறுமுகிறது?

[கறுப்புத் திரை. எட்டு வினாடிகளுக்கு ஒலி மட்டும்.]

இது பாட்டு இல்லை. என் மடிக்கணினியில் ஹெட்போனை மாட்டி, எதையும் ஓடவிடாமல், அதன் ஒரு காதுக்குள் சின்ன மைக்கை வைத்துப் பிடித்த சத்தம். அடியில் ஒன்று உறுமிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேல் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். மவுஸை நகர்த்தினால் கொசுவின் குரலும் மாறுகிறது.

[ஒரு கை சார்ஜர் கம்பியை உருவுகிறது. அமைதி.]

சார்ஜரை உருவியதும் இரண்டும் அடங்கிவிட்டன.

வணக்கம். மொரீஷியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து பேசுகிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் சொல்லித்தருகிறேன். தைப்பூசக் காவடி நெருங்கினால் எங்கள் பஜனைக் குழுவின் பாட்டுப் பதிவுகளைச் சீர்செய்யும் வேலையும் என் தலையில் விழும். போன தடவை அப்படி உட்கார்ந்தபோது, தம்பூராவுக்கு அடியில் இன்னொரு தம்பூரா கேட்டது. முதலில் பாடியவர்கள் மேல் சந்தேகம் வந்தது. பிறகு ஹெட்போன் மேல். புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அதே உறுமல். இன்னொன்றும் வாங்கினேன். அதே பதிவைக் கைபேசியில் போட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

அந்த இரண்டாவது தம்பூரா வீட்டு மின்சாரம்தான்.

[திரையில்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலை.]

இங்கே வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 50 அலை. சார்ஜர் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது அலையின் கீழ்ப்பாதியும் மேலே புரட்டப்படுவதால் 100 ஹெர்ட்ஸும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் கேட்ட அடி உறுமல் இந்த இரண்டும்தான். கொசு வேறு கதை. சார்ஜருக்குள் இருக்கும் சுற்று வினாடிக்குப் பல பத்தாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வேகம் மனிதக் காதுக்கு எட்டாது. ஆனால் கணினி கூடவும் குறையவும் மின்சாரத்தை இழுக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டும் சுருதிக்கு இறங்கிவிடுகிறது. பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது கிரீச்சென்று கேட்பது இதுதான்.

எதையும் வாங்குவதற்கு முன் சில சோதனைகள். சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. நிற்கவில்லை என்றால் இந்த வீடியோ உங்களுக்கு உதவாது, ஜாக்கில் தூசியோ கம்பியில் முறிவோ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சார்ஜரைச் செருகிய நிலையில் ஒலியளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் உறுமல் அதே அளவில் இருந்தால், ஒலியளவைக் கட்டுப்படுத்தும் இடத்தைத் தாண்டித்தான் அது உள்ளே நுழைகிறது. மென்பொருளை எத்தனை முறை மாற்றி நிறுவினாலும் அது போகாது.

மூன்றாவது சோதனை எனக்குப் பிடித்தது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, மடிக்கணினியின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியை, யூஎஸ்பி துளையின் விளிம்பு போன்ற ஒன்றை, விரலால் தொடுங்கள். சத்தம் சட்டென்று குறைகிறதா, கூடுகிறதா? மாறினால், உங்கள் கணினியின் உடல் மண்ணோடு தொடர்பில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. விரல் நுனியில் மெல்லிய எறும்பு ஊர்வது போல் இருப்பதும் இதனால்தான். எறும்பு ஊர்வது வேறு, சுரீரென்று அடிப்பது வேறு. அடித்தால் அந்தச் சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி செருகாதீர்கள்.

[வரைபடம்: சார்ஜரின் உட்புறம். இரண்டு பகுதிகள், நடுவே ஒரு சிறிய நீல வில்லை.]

அந்தரத்தில் தொங்குவது எப்படி என்று பார்ப்போம். சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கமும் கணினிக்குப் போகும் 20 வோல்ட் பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் நடுவே வேண்டுமென்றே ஒரு பாலம் வைக்கிறார்கள். படத்தில் இருக்கும் இந்த நீல வில்லை. ஒய் வகைக் கபாசிட்டர், அதாவது மின்தேக்கி, என்று பெயர். சுற்று வெட்டி விடும் இரைச்சல் வானொலி அலைகளாகப் பரவாமல் திருப்பி அனுப்புவது இதன் வேலை. அந்த வேலையைச் செய்யும்போதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் துளித் துளியாகக் கசியவிடுகிறது. இரண்டு கால் சார்ஜரில் இந்தக் கசிவு ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பங்கைத் தாண்டக்கூடாது என்பது தரவிதி. உயிருக்கு ஆபத்தில்லாத அளவு. ஆனால் கசிந்தது மண்ணுக்குப் போக வழியில்லாவிட்டால், கணினியின் உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதிவரை ஏறி நிற்கும். பிறகு அது வேறு வழி தேடும். ஹெட்போன் கம்பி ஒரு வழி, உங்கள் உடல் ஒரு வழி.

மண்ணுக்குப் போகும் வழிதான் பிளக்கின் மூன்றாவது கால், எர்த்.

இங்கேதான் மொரீஷியஸ்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நம் வீட்டுச் சுவர்களில் சதுரக் கால் பிரிட்டிஷ் சாக்கெட்டும் இருக்கிறது, உருண்டைக் கால் ஐரோப்பியப் பிளக்கும் புழங்குகிறது. எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் எல்லாமே ‘பிரீஸ்’தான். பிரான்சிலிருந்து ஒரு சார்ஜர் வரும், துபாயிலிருந்து ஒன்று வரும், சென்னைக்குப் போய்வந்தவர் பையில் ஒன்று இருக்கும். எது எதில் பொருந்தும் என்று யாரும் யோசிப்பதில்லை. வீட்டுக்கு வீடு இழுப்பறை நிறைய அடாப்டர்.

என் மடிக்கணினி பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் சின்னம்மா வாங்கிக்கொடுத்தது. சார்ஜரில் உருண்டைப் பிளக். அதைச் சதுரக் கால் அடாப்டரில் செருகி, அடாப்டரைச் சுவரில் செருகியிருந்தேன். ஹெட்போனை மாற்றியும் போகாத உறுமலை, எதிர்வீட்டு மாமாவிடம் காட்டினேன். நாற்பது வருடம் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெட்போனைக் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அடாப்டரை உருவினார்.

“தம்பி, எர்த் எங்கே?”

“இதோ இருக்கிறதே மாமா, மூன்று கால்.”

சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து மூன்றாவது காலைச் சுரண்டினார். கறுப்புத் துருவல் உதிர்ந்தது.

[நெருக்கக் காட்சி: அடாப்டரின் மேல் கால். சுரண்டிய இடமும் உள்ளே கறுப்பு.]

பிளாஸ்டிக். கால் இருக்கிறது, உலோகம் இல்லை. பிரிட்டிஷ் சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளிலும் ஒரு மூடி உண்டு. மேலே இருக்கும் நீளமான எர்த் கால் முதலில் நுழைந்து தள்ளினால்தான் அது திறக்கும். மூடியைத் திறக்க உலோகம் தேவையில்லை, ஒரு குச்சி போதும். மலிவு அடாப்டர் செய்பவர்கள் அந்தக் குச்சியை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். என் சார்ஜரின் கம்பிக்குள் எர்த் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு அங்குல அடாப்டருக்குள் வந்து செத்துப்போனது.

உங்கள் சார்ஜரையும் இப்படிப் பாருங்கள். சுவரிலிருந்து வரும் கம்பி, செங்கல் போன்ற பெட்டியில் செருகும் இடத்தில் எத்தனை துளை? எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போல இரண்டே துளை என்றால், அந்தப் பெட்டிக்குள் எர்த்தே போகவில்லை. எந்தப் பிளக்கை மாட்டினாலும் பயனில்லை. மூன்று இதழ்ப் பூ போல மூன்று துளை இருந்தால், நல்ல செய்தி. பெட்டியை மாற்ற வேண்டாம், உலோக எர்த் காலோடு சதுரப் பிளக் வைத்த கம்பி ஒன்றை மட்டும் வாங்குங்கள். அடாப்டரைக் குப்பையில் போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். உறுமல் அன்று மாலையே போய்விட்டது. கொசு கொஞ்சம் மிஞ்சியது.

யூஎஸ்பி சி சார்ஜர்களில் பெரும்பாலானவை இரண்டு கால்தான். அவற்றுக்கு வழி சுற்றுவழி: வேலை நடக்கும்போது பேட்டரியில் ஓட்டுவது, அல்லது கம்பியில்லா ஹெட்போன். புளூடூத்தில் கம்பியே இல்லாததால் கசிவு ஏறிவர வழியில்லை. வெளியே மாட்டும் யூஎஸ்பி ஒலி அட்டை கொசுவைப் பெரும்பாலும் குறைக்கும், ஏனென்றால் ஒலியை உருவாக்கும் இடம் கணினியின் இரைச்சலான பலகையைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போகிறது. உறுமலை அது நிறுத்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன். யூஎஸ்பி கம்பி வழியாகவும் அதே கசிவு வரும். கம்பியில் மாட்டும் ஃபெரைட் உருளை 50 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது.

“எனக்குச் சத்தம் இல்லை, எதிரில் இருப்பவருக்குத்தான் கேட்கிறதாம்” என்று ஒரு மாணவியின் அம்மா கேட்டார். அது மைக் வழியாகப் போகும் உறுமல். ஒலி அமைப்பில் மைக்கின் பெருக்கம் 30 டெசிபெல்லில் இருந்தால் 10க்கு இறக்கிவிட்டு வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

[காட்சி: கூடம். மடிக்கணினியிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு ஒரு கம்பி.]

எர்த் கிடைத்த சந்தோஷத்தில், பதிவைக் குழுவினருக்குப் போட்டுக்காட்ட மடிக்கணினியைக் கூடத்து ஆம்பிளிஃபயரில் இணைத்தேன். மறுபடி உறுமல், முன்னைவிடப் பெரிதாக! இது வேறு நோய். ஆம்பிளிஃபயருக்கு ஒரு எர்த், சார்ஜருக்கு ஒரு எர்த். இரண்டும் சுவருக்குள் சேர்கின்றன, ஒலிக் கம்பியின் உறை வழியாக இங்கேயும் சேர்கின்றன. ஒரு வளையம் உருவாகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே மிகச் சிறிய வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் போதும், அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் ஓடத் தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே பலகைச் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே குறையும். குறையாவிட்டால் ஒலிக் கம்பியின் நடுவே மாட்டும் ஐசொலேட்டர் வாங்குங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டும், கம்பி தொடராது. ஆனால் இதை ஹெட்போனுக்கு மாட்டாதீர்கள். ஹெட்போனின் குறைந்த மின்தடைக்கு அது செய்யப்படவில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அந்தக் கனத்த ஒலிப் பக்கம், காணாமல் போய்விடும்.

இந்த இடத்தில் சிலர் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடச் சொல்வார்கள், டேப் சுற்றச் சொல்வார்கள். உறுமல் போகும், உண்மைதான். ஆம்பிளிஃபயருக்குள் ஒரு கம்பி கழன்று உலோக உடலில் பட்டால், அன்று கை வைத்தவர்தான் எர்த். ஒய் கபாசிட்டர் பழுதானாலும் அறுந்துபோகும்படியே செய்யப்படுகிறது; போலிச் சார்ஜர்களில் அந்த இடத்தில் சாதாரணக் கபாசிட்டரை வைத்துவிடுகிறார்கள், அது பழுதானால் ஒட்டிக்கொண்டு 230 வோல்ட்டை அப்படியே கணினியின் உடலுக்கு விட்டுவிடும். விலை குறைந்த பிரதிச் சார்ஜரில் நான் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க மாட்டேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. சுவரில் மூன்று துளை இருப்பதால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மாமா பலமுறை வெறும் துளையைக் கண்டிருக்கிறார். இதை நீங்கள் திருகாணியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். மின்வேலை தெரிந்தவரை அழைத்து, அந்தப் பிரீஸில் எர்த் வேலை செய்கிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

[ஒலி: அதே பதிவு. உறுமல் இல்லை.]

இது சதுரப் பிளக் கம்பியில் கேட்பது. தம்பூரா தனியாகத் தெரிகிறதா? நன்றாகக் கேளுங்கள், மந்தர ஸட்ஜத் தந்தி, அதாவது கீழ் ‘ஸ’ ஒலிக்கும் தந்தி, இழை அளவு இறங்கியிருக்கிறது. இத்தனை நாள் உறுமல் அதை மறைத்துவிட்டது. சுருதி சேர்த்தவர் எங்கள் குழுவில் மூத்தவர்; சனிக்கிழமை அவரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.