முட்டுக்கட்டை போடுபவர்தான் தலைவர்

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் ஐயா அவர்களுக்கும், முதல்வர் அம்மா அவர்களுக்கும், மூன்று மாதமாகப் போன் செய்து என்னை இங்கே வரவழைத்த இயந்திரவியல் துறைத் தலைவருக்கும், வரவேற்புரை சொன்ன மாணவிக்கும், காலையிலிருந்து மைக்கோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பிக்கும் என் வணக்கம். தாளாளர் ஐயா பொன்னாடை போர்த்தாமல் புத்தகம் கொடுத்தார்கள், மனம் நிறைந்தது. முதல்வர் அம்மா உங்களுடைய இரண்டு பீரியடை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அதற்குத் தனியாக நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழு ப்ராஜெக்டில் தலைமை ஏற்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். வேலையை எப்படிப் பிரிப்பது, வேலை செய்யாதவரை என்ன செய்வது என்று இரண்டு விஷயம் சொல்லப்போகிறேன்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் இதைத்தான் சொல்வார். ஆனால் ஊர் கூடினால் மட்டும் தேர் நகர்ந்துவிடாது. ரிங்கெல்மன் என்று ஒரு பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு விசையை அளந்து பார்த்து 1913-ல் முடிவை வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவரின் விசை 100 என்றால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 50 கூடத் தேறவில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'எல்லாரும் நாளைக்குள் முடிச்சிடுங்க' என்று போட்டால் யாரும் முடிக்காமல் இருப்பதும் இதனால்தான். பெயரைச் சொல்லி, வேலையைச் சொல்லி, தேதியைச் சொல்லிக் கொடுங்கள்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படியும் வீதி முனையில் தேரைத் திருப்புவது, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான். வடத்தின் முன்னால் நின்று கத்துகிறவர் கண்ணில் படுவார், கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தின் ஓரமாகவே குனிந்து நடக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் கெடுக்கிறவன் என்று ஆக்கிவிட்டோம், ஆனால் அந்தக் கட்டை இல்லாமல் தேர் நிலைக்குத் திரும்பாது. நான் தலைவர் என்று சொல்வது அவரைத்தான்.

இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். 1996, கடைசி வருடம். நாங்கள் நாலு பேர், நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் செய்தோம். நான்தான் தலைவர். காரணம், எனக்கு இங்கிலீஷ் வரும், அவ்வளவுதான். குழுவில் ஒருவன் திண்டிவனம் பக்கம், தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன். முதல் நாள் கூடிப் பேசும்போதே மெதுவாகச் சொன்னான்: "மல்லாட்டைக்கு முந்தின நாளே தண்ணி தெளிச்சு வைக்கணும்டா, இல்லன்னா பருப்பு உடையும்." மல்லாட்டை என்றால் அவன் ஊர்ப் பக்கம் நிலக்கடலை. அதெல்லாம் டிசைனில் வராது என்று சொல்லிவிட்டேன். ப்ராஜெக்டை நடுவில் ஆசிரியர்கள் பார்க்கும் ரிவ்யூ அன்று காய்ந்த காயைக் கொட்டினோம், பாதிக்கு மேல் நொய்யாக விழுந்தது. வேகம், மோட்டார் என்று ஏதோ இங்கிலீஷில் சொல்லிச் சமாளித்தேன், கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அன்று ராத்திரி அவன் ஒரு மூட்டைக் காயை விடுதி வராந்தாவில் பரப்பித் தண்ணீர் தெளித்து, மேலே சாக்கு போட்டு மூடினான். அப்புறம் வாஷரை ஒவ்வொன்றாகச் சொருகி, உருளைக்கும் சல்லடைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கூட்டினான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று பருப்பு முழுசு முழுசாக விழுந்தது. வந்திருந்த தேர்வாளர் அவனைப் பார்த்து இங்கிலீஷில் விளக்கச் சொன்னார். அவன் உருளை மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். மதிப்பெண் வந்தபோது எனக்குத்தான் அதிகம். இன்றைக்கும் மல்லாட்டையைப் பார்த்தால் அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வேலை செய்யாதவரை என்ன செய்வது என்று இரண்டாவதாகச் சொன்னேன் இல்லையா? அவர்களில் பலர் சோம்பேறிகளே இல்லை தம்பி, வாயைத் திறக்கப் பயந்தவர்கள். நான் போகிற கல்லூரிகளில் எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: ரிவ்யூவிலும் வைவாவிலும் தமிழில் பதில் சொல்லவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. பிள்ளைகளை வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிட்டோம். உள்ளே வந்தபின், ப்ராஜெக்ட் தொடங்கும்போதே வைக்கும் ஜீரோத் ரிவ்யூவிலேயே இங்கிலீஷ் பேசுகிறவர் தலைவர் ஆகிவிடுகிறார், மற்றவர்கள் பைண்டிங் கடைக்கு ஓடுகிறார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்றால் அந்த ஊரில் இவர்களும் உண்டு.

அறிக்கை இங்கிலீஷிலேயே இருக்கட்டும், வேலைக்குப் போகும்போது அது தேவை, நான் மறுக்கவில்லை. ஆனால் செய்தவன் செய்ததைச் சொல்ல ஐந்து நிமிடம் தமிழில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் ஒருவர் தலைவர் என்று மாற்றி மாற்றி வையுங்கள். குழுவாக உட்கார்ந்து பேசும்போது தலைவர் கடைசியாகப் பேசட்டும்.

முதல்வர் அம்மாவிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். வருகிற ரிவ்யூவில் ஒரே ஒரு குழுவுக்காவது தமிழில் பேச அனுமதி கொடுங்கள். தேதி குறித்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன். நன்றி, வணக்கம்.