கத்திரி வெயிலும் நீர் மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன கோடையில் கத்திரி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவை மருமகள் ஆட்டோவில் வைத்துக் கூட்டிவந்தாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரியவர். வேலையை விட்டு நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. வெயிலில் நின்று மயங்கி விழுந்தவர் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், வீட்டில் படுத்திருந்தவர்.

"ரெண்டு நாளா அசதின்னு படுத்தே கெடந்தாவ டாக்டரம்மா. ஒரேயடியா வேர்த்துச்சு. வெயிலுக்குத்தானேன்னு விட்டுட்டோம்" என்றாள் மருமகள்.

ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. நெஞ்சு வலிக்கிறது என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வலியும் இல்லை. சர்க்கரை நோய் பல வருஷமாக இருப்பவர்களுக்கு நரம்பு மரத்துப்போய், வலியே தெரியாமல் மாரடைப்பு வருவது உண்டு. வியர்வை, மூச்சிரைப்பு, அசதி, குமட்டல் இவ்வளவுதான் தெரியும். கோடையில் இவை எல்லாமே வெயிலின் கணக்கில் போய்விடும்.

அவர் கையில் ஒரு மஞ்சப்பை. வாங்கி மேசையில் கவிழ்த்தேன். பிரஷருக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஒன்று. நாக்கு வறண்டு மரப்பட்டையாக இருந்தது.

"தண்ணி குடிக்கிறது இல்லையாம்மா?"

"பழக்கம் இல்ல தாயி. அளத்துல ஒதுங்க எடம் கெடையாதுல்லா. காலையில வீட்டுல குடிச்சா, பொறவு சாயங்காலம் வந்துதான்."

உப்பள வேலையை விட்டாயிற்று. தாகத்தை அடக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. வயதாக ஆகத் தாக உணர்ச்சியும் மங்கும்.

வெயிலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உடம்பின் சூட்டை வெளியே தள்ளுவதற்கு ரத்தம் தோலுக்கு வந்தாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. கடும் வெப்பத்தில், நல்ல ஆரோக்கியமான உடம்பில், தோலுக்கு மட்டுமே நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை போகக்கூடும். அவ்வளவையும் அதே இதயம்தான் இறைக்க வேண்டும். வியர்த்துக் கொட்டுவதால் இருக்கிற ரத்தத்திலும் நீர் குறைகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது, உறையும் தன்மை கூடுகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள குழாயில் இந்தக் கெட்டி ரத்தம் வேகமாக ஓட வேண்டுமென்றால் என்ன ஆகும்? கிணறு வற்றியபின் மோட்டாரை ஓட விட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை, புழுக்கம். வியர்வை வந்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் காயாது. அதனால்தான் வானிலை ஆய்வு மையம் வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி என்று வேறுவேறு வரம்பு வைத்திருக்கிறது.

பகலை விட இரவுக்கு நான் அதிகம் பயப்படுகிறேன். பகலெல்லாம் சூடேறிய சிமெண்ட் சுவரும் கூரையும் இரவில்தான் அந்தச் சூட்டைக் கக்கும். பகலில் ஓடிய இதயத்துக்கு இரவிலும் ஓய்வு இல்லை. வெப்ப அலையின் முதல் நாளைத் தாங்குகிறவர் மூன்றாம் நாள் விடியற்காலையில் சரிவது இதனால்தான்.

அன்று அந்த அம்மா இறந்திருந்தால் நான் சான்றிதழில் 'மாரடைப்பு' என்றுதான் எழுதியிருப்பேன். அது பொய்யும் இல்லை. ஆனால் வெயிலின் பெயர் எங்கும் வந்திருக்காது. அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்து இறப்புகளை மற்ற வருஷங்களின் மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது 1,344 பேர் அதிகம். தனித்தனிச் சான்றிதழ்களைப் புரட்டியிருந்தால் அந்த எண்ணிக்கை கிடைத்திருக்காது. அந்த அடிக்குப் பிறகுதான் 2013இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றார்கள். நல்ல காரியம். வீட்டுக்குள் படுத்தபடி மாரடைப்பில் போனவர் அந்தக் கணக்கில் வருவாரா என்பது என் கவலை.

குளிரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 13 நாடுகளின் 7 கோடியே 40 லட்சம் இறப்புகளை அலசிய ஓர் ஆய்வு 2015இல் வந்தது. வெப்பத்தை விடக் குளிரால் நேர்ந்த இறப்புகளே பல மடங்கு என்றது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். விடியற்காலையில் பிரஷர் இயல்பாகவே கூடும் நேரம் வேறு. இதய நோயாளிகள் மார்கழியில் நாலரை மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்புவதும், மாலை போட்ட பெரியவர்கள் பழக்கமே இல்லாமல் சபரிமலையில் நீலிமலை ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறுவதும் எனக்கு உவப்பில்லாத காட்சிகள். அப்பாச்சிமேட்டில் இதய சிகிச்சை மையம் வைத்திருப்பது சும்மா இல்லை.

இனி மாத்திரைக்கு வருகிறேன். நீர் மாத்திரை உடம்பிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள், வெயிலில் இதயம் வேகம் எடுப்பதைத் தடுக்கும். மனநோய்க்கான சில மாத்திரைகள் வியர்வையையே குறைக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021 வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் மனச்சிதைவு நோயாளிகளின் பங்கு எதிர்பாராத அளவுக்கு அதிகம்.

இதற்காக நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வெயிலை விட ஆபத்து. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று எல்லாருக்கும் ஒரே பாட்டைப் பாடியவள்தான் நானும். இதயம் பலவீனமாகி, ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு சொல்லப்பட்டவர் அதைக் கேட்டு நாலு லிட்டர் குடித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உப்புக் கரைசலும் அவருக்குக் கேட்டுத்தான். மார்ச் மாதமே மருத்துவரிடம் போய், "கோடைக்கு என் மாத்திரை அளவையும் தண்ணீர் அளவையும் மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் உடனே சொல்லுங்கள். அசதியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் வெயில், வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மா பிழைத்தார். இந்த வருஷம் பங்குனி பாதியில் அவராகவே வந்து உட்கார்ந்தார். அதே மஞ்சப்பை. நான் கேட்பதற்கு முன்னாலேயே மேசையில் கவிழ்த்து, விரலால் அட்டைகளைத் தள்ளித் தள்ளி நீர் மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்தார்.

"வெயிலு வருதுல்லா தாயி. இதுல பாதி போதுமா, பாருங்க."

எடையும் ரத்தமும் பார்த்தேன். பாதி போதும் என்றுதான் எழுதினேன்.

நன்றி. வணக்கம்.