19 வெற்றிகளும் ஒரு தோளும்

(டெட்ராய்ட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் விளையாட்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் ஒரு சிறுவர் அணியின் பெயரைக்கூட விட்டுவிடாமல் சொல்லி மகிழ்வித்த விழாக்குழுச் செயலாளர் அவர்களே, பள்ளிக் கல்விக் குழுவிலிருந்து வந்து நமக்குப் பெருமை சேர்த்திருக்கும் அம்மையார் அவர்களே, வாரந்தோறும் வெயிலில் நின்று நடுவர் பணி செய்யும் பெரியவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, பின்னால் உணவு பரிமாறிக்கொண்டே காது கொடுக்கும் சகோதர சகோதரிகளே, கையுறையைக் கழற்றாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த அரங்கைக் கட்டணமின்றித் தந்த நிர்வாகத்தினருக்கும், பொன்னாடைக்குப் பதிலாகச் சிறுவர் அணிகளுக்கு 12 பந்துகள் வாங்கித் தந்த விழாக்குழுவுக்கும் தனி நன்றி.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, 1976-இல் இந்த நகரத்தின் பேஸ்பால் அணியில் மார்க் ஃபிட்ரிச் என்ற இளைஞர் ஆடிய முதல் சீசன். இரண்டு, அந்தச் சீசனுக்குப் பிறகு அவருடைய தோளுக்கு என்ன ஆனது, ஏன் ஆனது. மூன்று, நம் பிள்ளைகளின் கையைக் காக்க நாம் வைக்க வேண்டிய பந்துக் கணக்கு.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் பேச்சில் இந்தப் பழமொழி வராமல் இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் வரும்.

ஃபிட்ரிச் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். 1954 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தவர். 1974-இல், அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அவரைப் பத்தாவது சுற்றில்தான் எடுத்தது. அதாவது, யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1975-இல் டைகர்ஸ் 102 ஆட்டங்களில் தோற்றிருந்தது. 1976 தொடக்கத்தில் ஃபிட்ரிச் இரண்டே முறை மாற்று பிட்சராக, அதாவது ஆட்டத்தின் நடுவில் வரும் பந்தெறிபவராக, இறங்கினார், அவ்வளவுதான். மே 15 அன்று எறிய வேண்டிய பிட்சருக்குக் காய்ச்சல் கண்டது. இடம் இவருக்கு வந்தது. க்ளீவ்லாண்ட் அணிக்கு முதல் ஆறு இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டும் வாய்ப்பைக்கூட, கொடுக்கவில்லை. மொத்தம் இரண்டே ஹிட். 2-1 என்று வெற்றி.

அந்தச் சீசனின் முடிவில்: 19 வெற்றி, 9 தோல்வி. ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் எதிரணிக்கு விட்டது சராசரி 2.34 ஓட்டம். நாட்டின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகிலேயே மிகக் குறைவு. தொடங்கிய 29 ஆட்டங்களில் 24-ஐ அவரே கடைசிவரை எறிந்து முடித்தார். ஆண்டின் சிறந்த ரூக்கி, அதாவது சிறந்த புதுமுகம், என்ற விருது அவருக்குக் கிடைத்தது. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் ஜிம் பாமருக்கு அடுத்த இடம். சம்பளம் 16,500 டாலர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 250 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தும் பேட்டரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றும் ஸ்ட்ரைக் அவுட் அவர் செய்தது 97-தான். பந்தை முழங்கால் உயரத்திலேயே எறிந்து, பேட்டரைத் தரையோடு உருளும்படி அடிக்க வைப்பதுதான் அவர் வித்தை.

இப்போது ஜூன் 28-க்கு வருகிறேன். பெரியவர்களில் சிலருக்கு இது நினைவிருக்கும். திங்கட்கிழமை இரவு, தேசியத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. எதிரே பிரிவில் முதலிடத்தில் இருந்த நியூயார்க் யாங்கீஸ். மிச்சிகன் அவென்யூவும் ட்ரம்பல் அவென்யூவும் சந்திக்கும் முனையில் டைகர் ஸ்டேடியம். 47,855 பேர். சுருட்டை முடி தொப்பிக்குள் அடங்காமல் பிதுங்க, ஒல்லியான, உயரமான பையன் ஒருவன் பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டுக்கு ஓடி வருகிறான். குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் மஞ்சள் பறவையைப் போல இருக்கிறான் என்று ஒரு பயிற்சியாளர் வைத்த பெயர் நிலைத்து, ஊரே அவனை 'பேர்ட்' என்றுதான் கூப்பிடுகிறது. வந்ததும் என்ன செய்கிறான்? மண்டியிடுகிறான். முந்தைய பிட்சரின் காலணி பறித்த பள்ளத்தை இரண்டு கைகளாலும் மண் தள்ளி மூடுகிறான், தட்டிச் சமன் செய்கிறான். எழுந்து பந்தை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசுகிறான்! தாழ்வாகப் போ, வளைந்து போ என்று தனக்கே சொல்லிக்கொண்டதாகப் பின்னால் விளக்கினார். அரங்கத்துக்கோ அது பந்தோடு பேச்சு. எதிரணி ஹிட் அடித்த பந்து என்றால் நடுவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்: இது பைக்குள் போய் மற்ற பந்துகளோடு கொஞ்ச நேரம் இருந்து திருந்தி வரட்டும்! சக ஆட்டக்காரர் நல்ல பந்தைத் தடுத்துவிட்டால் ஓடிப்போய்க் கைகுலுக்குவார். முதல் இன்னிங்ஸிலேயே டைகர்ஸின் ரஸ்டி ஸ்டாப் ஹோம் ரன் அடித்தார், அதாவது பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். யாங்கீஸுக்கு எல்லி ஹெண்ட்ரிக்ஸ் அடித்த ஒரே ஹோம் ரன்தான். 5-1 என்று டைகர்ஸுக்கு வெற்றி. ஒரு மணி 51 நிமிடத்தில் ஆட்டமே முடிந்துவிட்டது! ஆனால் கூட்டம் கலையவில்லை. பேர்ட் வேண்டும், பேர்ட் வேண்டும் என்று கத்திக்கொண்டே நின்றது. உள்ளே போனவர் மறுபடியும் வெளியே வந்து தொப்பியை எடுத்து ஆட்டிய பிறகுதான் மக்களுக்கு மனம் ஆறியது. இரண்டு வாரம் கழித்து ஃபிலடெல்ஃபியாவில், இரு லீகுகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் அமெரிக்கன் லீகின் முதல் பந்தை எறிந்தவர் இந்த 21 வயதுப் பையன்தான்.

தாய்மார்களே, தந்தைமார்களே, இந்த இடத்தில் கைதட்டியது போதும். அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மே 31 அன்று மில்வாக்கிக்கு எதிராக 11 இன்னிங்ஸ் முழுவதும் எறிந்தார். ஐந்து நாள் கழித்து, ஜூன் 5 அன்று, டெக்சஸில் மறுபடியும் 11 இன்னிங்ஸ். அவர் எறிந்த நாளில் அரங்கம் நிரம்பியது. எல்லோருக்கும் அவர் வேண்டியிருந்தது. எத்தனை பந்து எறிந்தார் என்று அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

1977 மார்ச்சில், ஃபுளோரிடா பயிற்சி முகாமில், மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் பந்து பிடிக்கும்போது இடது முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. வலது கை பிட்சருக்கு இடது கால்தான் தரையில் ஊன்றி உடலின் வேகத்தைத் தாங்கும் கால். அந்தக் கால் உறுதியாக ஊன்றாவிட்டால் இடுப்பு சுழலும் நேரம் தவறும். கால் தாங்க வேண்டிய சுமையைத் தோள் தாங்கும். மே கடைசியில் திரும்பி வந்தார். ஜூலைத் தொடக்கத்தில், பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தில், கை உயிரற்றுப் போனது. அவ்வாண்டு 6 வெற்றியோடு நின்றது. பிறகு 1980 வரை மொத்தம் நான்கே வெற்றி. சுழல்தசைப் பட்டை, அதாவது ரொட்டேட்டர் கஃப், கிழிந்திருந்தது என்று மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் கண்டுபிடித்தது 1985-இல். எட்டு ஆண்டுகள்! அதற்குள் அவர் ஓய்வே பெற்றுவிட்டார்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். பயிற்சிக்குச் சொல்கிறோம். தசைநாருக்கும் அதுதான் நடக்கிறது. ஒரே எறிவில் கிழிவதைவிட, களைத்த தசை விட்டுக்கொடுக்கும் சுமையைப் பந்து பந்தாகத் தாங்கி நைந்துபோவதே பெரும்பாலும் நடப்பது. குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. முழங்கையின் உட்புறத்தில் எலும்பு வளரும் தட்டு பதின்பருவத்தின் நடுவரை மூடாது. அந்த வயதில் தசைநாரைவிட அந்தத் தட்டுதான் பலவீனம். முழங்கை உட்புறம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் ஐஸ் வைத்துவிட்டு மறுநாள் அனுப்பாதீர்கள். எறிவதை நிறுத்துங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007-இல் இன்னிங்ஸ் வரம்பை விட்டு, எறிந்த பந்துகளை எண்ணும் பிட்ச் கணக்குக்கு மாறியது. ஒரு நாளைக்கு 7-8 வயதில் 50, 9-10 வயதில் 75, 11-12 வயதில் 85, 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயது வரை 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. 51 முதல் 65 வரை மூன்று நாள். 36 முதல் 50 வரை இரண்டு நாள். 21 முதல் 35 வரை ஒரு நாள். 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்த பிள்ளை அன்று, பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக நிற்கக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்ற பிள்ளை அன்று பிட்ச் செய்யக் கூடாது.

விதி நல்ல விதி. ஓட்டை எங்கே? பிள்ளை இரண்டு அணியில் ஆடுகிறான். செவ்வாய்க்கிழமை லீகில் 70 பந்து, சனிக்கிழமை காலையில் வெளியூர் போய் ஆடும் பயண அணிக்கு 60, மாலையில் மறுபடியும் 30. ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் தாளை மட்டும் பார்த்து நேர்மையாகத்தான் எண்ணுகிறார். கூட்டிப் பார்க்க ஆளில்லை. கடைசி இன்னிங்ஸில் பையனின் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், பந்து மேலே மேலே போகும், இரண்டு எறிவுக்கு நடுவே நேரம் நீளும். இதெல்லாம் களைப்பின் அடையாளங்கள். அதைப் பார்த்து 'இன்னும் ஓங்கி எறி' என்று கத்துகிறோமே, அது கூடவே கூடாது.

பெரிய அணிகளே மாறிவிட்டன. 2024 ஜூலை 11 அன்று பிட்ஸ்பர்க் அணியின் ரூக்கி பிட்சர் பால் ஸ்கீன்ஸ், மில்வாக்கி அணிக்கு ஏழு இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. 99 பந்து எறிந்ததும் உட்கார வைத்தார்கள். ரசிகர்கள் கோபப்பட்டார்கள். அந்தச் சீசனில் 133 இன்னிங்ஸ் எறிந்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.96 ஓட்டம் என்ற சராசரியோடு சிறந்த ரூக்கி விருதும் வாங்கினார். கணக்கு வைத்தால் மட்டும் காயம் ஒழிந்துவிடாது என்பதும் உண்மை. வேகம் என்ற வெறி இன்னொரு பெரிய காரணம். ஆனால் நம் கையில் உடனே இருப்பது கணக்குதான்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். ஆகவே கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரே அட்டை. எந்த அணிக்கு எறிந்தாலும் தேதி, பந்து எண்ணிக்கை, கேட்சராக நின்ற இன்னிங்ஸ், மறுபடியும் எறியலாம் என்ற தேதி, நான்கே கட்டம். அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய் ஃபவுல் ஆனாலும் பேட்டருக்கு எறிந்த ஒவ்வொரு பந்தும் கணக்கு. வார்ம்-அப் எறிவுகளுக்குக் கணக்கில்லை. அட்டை பெற்றோர் கையில் இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளரிடம் காட்டட்டும். ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிவிலும் இரு பிட்சர்களின் எண்ணிக்கையையும் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும் என்று விழாக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக் குழு உறுப்பினர் அம்மையார் இதைப் பள்ளி அணிகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று பணிவோடு விண்ணப்பிக்கிறேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இந்தக் கோரிக்கையை ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் வைப்பேன்.

அட்டைகளும் எண்ணும் கிளிக்கர்களும் இடப்பக்க மேசையில் இருக்கின்றன. நாளைக் காலை ஆட்டத்தில் அணிக்கு ஒருவராக எண்ணுவதற்குப் பெற்றோர் தேவை. இன்றிரவு கிளம்பும் முன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.