வோட்டர் பம்ப் இஞ்சினில் வால்வுத் தேய்மானம்: சத்தம் போடாததைத்தான் முதலில் பாருங்கள்

[காட்சி: நிலாவெளி வெங்காயத் தோட்டம், கிணற்றடியில் பம்ப்]

திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் தோட்டத்துக்கு இறைக்கிற பம்ப் மணிக்கணக்காக ஓடும். மேலே 'டக் டக்' என்று டெப்பட் (வால்வைத் தள்ளும் பகுதி) அடித்தால் உடனே மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோகிறோம். ஆனால் சத்தமே இல்லாமல், சூடேறியதும் நின்று, திரும்ப ஸ்டார்ட் ஆகாத இஞ்சின்தான் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது. வால்வு தான் மூடி உட்காரும் சீற்றுக்குள் தேய்ந்து இறங்க இறங்க, வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கித் திறக்கும் ரொக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறையும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. புகை வெளியேறும் எக்சோஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்துவிடும்.

ஹொண்டா ஜீஎக்ஸ் 160 ஐ எடுப்போம். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கையும் வால்வு கவரின் 4 போல்ட்டையும் கழற்றுங்கள். கயிற்றை மெல்ல இழுத்து, ஸ்டார்ட்டர் புல்லியிலுள்ள (சக்கரம்) முக்கோணக் குறியை ஃபான் கவரின் மேல் துளைக்கு நேரே நிறுத்துங்கள். இரண்டு ரொக்கரும் தளர்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று.

இடைவெளி இன்லெட் வால்வுக்கு 0.15 மி.மீ., எக்சோஸ்ட் வால்வுக்கு 0.20 மி.மீ. ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும்.

[கிட்டக் காட்சி: ரொக்கரின் முனை]

இந்தக் குழியைப் பாருங்கள். வால்வுத் தண்டு தட்டித் தட்டி விழுந்தது. தகடு குழிக்குள் இறங்காமல் மேலே பாலம்போல நிற்கும், கேஜ் 0.20 என்றாலும் உண்மை இடைவெளி அதைவிடக் கூட. இப்படியான ரொக்கரை மாற்றத்தான் வேண்டும். ரொக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ரொட்டைக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும். எக்சோஸ்ட் வால்வுத் தண்டின் நுனியில் சின்னத் தொப்பி ஒன்று இருக்கும்; ரொக்கரைக் கழற்றும்போது அது புல்லுக்குள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி கூடினால் கயிறு கையைப் பின்னுக்கு இழுக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது எக்சோஸ்ட் வால்வைச் சற்றுத் தூக்கி அமுக்கத்தைக் குறைக்கிற அமைப்பு அப்போது வால்வை எட்டாது.

ரொக்கரைத் தாங்கும் பிவட்டைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்து, அதை அசையாமல் பிடித்து லொக் நட்டை இறுக்குங்கள். இறுக்கியபின் கட்டாயம் மறுபடி அளந்து பாருங்கள், நட் இறுகும்போது அளவு மாறும்.

சில நாள் ஓடியபின் இடைவெளி திரும்பக் கூடினால் காம், டெப்பட் தேய்மானம். திரும்பக் குறைந்தால் ஹெட்டைக் கழற்றுங்கள். வால்வை உரைக்கும் பேஸ்ட் போட்டு சீற்றோடு உரைத்து, போர்ட்டுக்குள் (வால்வுக்குப் பின்னாலுள்ள துளை) மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் சீற் வெட்ட வேண்டும். புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக 24 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள்.